ஆடித் தள்ளுபடியில் ஒரு தேனிலவு

அடேய் மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. காலையில் கயல் அனுப்பிய போட்டோவிலேயே தெரிந்துவிட்டது. வியட்நாமில் ஏதோ ஒரு தெருவோரம், குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். கன்னத்தில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருக்கிறது. மழையில் நனைந்த முடி நெற்றியில் கிடக்கிறது. கல்யாணத்தன்று பட்டு வேட்டியில்கூட நீ இவ்வளவு அழகாக இல்லை. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த ரொட்டி நம்ம ஊரு பேக்கரியிலயே கெடைக்குதே, இதுக்கா ஃப்ளைட் ஏறிப் போனாங்க?" என்றார். சொன்ன கையோடு போனை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

இன்று வீராம்பட்டினத்தில் அம்மன் தேர். முத்தியால்பேட்டையில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். நம் வளையல் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு உனக்கு எழுதலாமே என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு வரிக்கு மேல் படிக்க மாட்டாய். ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். ஊர் திரும்பியதும் இதைப் படி. ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். கயலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தமாகவே படி. உன் அத்தை வந்திருந்தால் அவர் காதிலும் விழட்டும். நாம் ஜெயித்த கதைதானே, எத்தனை பேர் கேட்டால் என்ன.

நிச்சயதார்த்தம் முடிந்த புதிதில் ஒரு சாயங்காலம் நீங்கள் இருவரும் கடைக்கு வந்து நின்றது நினைவிருக்கிறதா? நீ வளையல் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாய். கயல்தான் பேசினாள். கல்யாணம் முடிந்ததும் வியட்நாம் போகலாம் என்றிருக்கிறோம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளிநாட்டுத் தேனிலவெல்லாம் பங்களா வைத்திருப்பவர்கள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மண்டபத்தில் பூ அலங்காரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஹோட்டல் வேண்டாம், ஒரு குடும்பம் வீட்டு மாடியில் ரூம் விடுகிறது. பெட்டி எடுத்துப்போனால் அதற்குத் தனிக் காசு, ஆளுக்கு ஒரு முதுகுப் பை போதும். தூரத்து ஊருக்கு ராத்திரி பஸ்ஸில் போனால் அன்றைக்கு ரூம் வாடகை மிச்சம். டிக்கெட்டும் மலிவாகக் கிடைத்துவிட்டது, ஏனென்றால் அப்போது அங்கே மழைக்காலம்.

"மழைல போய் இன்னாம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"மழைன்னாதான் அத்தை டிக்கெட் கம்மி. நனைஞ்சா காஞ்சிடும்" என்றாள்.

அந்த ஒரு பதிலில் அந்தப் பெண் எனக்குப் பிடித்துப்போனாள். ஜாதகம் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை.

ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். நம் வீட்டில் ஒரு சொல் உண்டு. "அப்புறம்." நீ அதைக் கேட்டுக்கேட்டுத்தான் வளர்ந்தாய். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போகலாம் என்றார் உன் அப்பா. அப்புறம் போகலாம் என்று ஆயிற்று. நீ வயிற்றில் இருந்தாய், அப்புறம். நீ பிறந்தாய், கொஞ்சம் வளரட்டும், அப்புறம். வீட்டுக்கு மாடி எடுத்தோம், அப்புறம். கடை போட்டேன், கடையை யார் பார்ப்பது, அப்புறம். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. உன் அப்பா தங்கமான மனிதர். எலெக்ட்ரீஷியன் வேலைக்கு ஊரெல்லாம் ஓடினார், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் இன்னும் ஊட்டியைப் பார்க்கவில்லை. இந்தப் பெண்ணோ, பணம் சேரட்டும் என்று காத்திருக்காமல், இருக்கிற பணத்துக்குள் எப்படிப் போவது என்று யோசித்திருக்கிறாள். அது ஒரு சாமர்த்தியம். அது எனக்கு வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும்தான்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. விருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு நீங்கள் இருவரும் களைத்துப்போயிருந்த சமயம், உன் அப்பா எதேச்சையாகப் பயணம் என்றைக்கு என்று கேட்டார். நீ இங்கிலீஷ் தேதியைச் சொன்னாய். அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் புரட்டினார். புரட்டியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பொண்ணு எல்லாத்தையும் பாத்துது, காலண்டர மட்டும் பாக்கல. நட்ட நடு ஆடியில போட்டு வெச்சிருக்கு" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விவகாரம் உறைத்தது. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடி பிறந்ததும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதும், அந்த மாதம் முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருப்பதும் நம் பக்கத்து வழக்கம். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரையில் பிறந்த தலைச்சன் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் அறியாதவர்கள் இல்லை. போனில் விலையைப் பார்த்தீர்கள், மழையைப் பார்த்தீர்கள், லீவைப் பார்த்தீர்கள். தமிழ் மாதம் எந்த போனில் முன்னால் வந்து நிற்கிறது? டிக்கெட்டைத் தள்ளிப்போடவும் முடியாது, பணம் திரும்பவும் வராது. அதனால்தான் அந்த விலை.

அப்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய். "விடும்மா, அப்புறம் போய்க்கலாம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. உன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே என்றுதான். கயல் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. பேசினால் வாயாடி என்று பெயர் வரும். பேசாவிட்டால், இந்த வீட்டில் அவள் ஆசையாகப் போட்ட முதல் திட்டமே தோற்றுப்போகும். முதலில் தோற்றவள் அப்புறம் திட்டமே போட மாட்டாள். எனக்குத் தெரியும், நான் அப்படித்தான் நின்றுபோனேன். இந்தப் பயணம் நடந்தே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஆடி ஒன்றாம் தேதி தவளக்குப்பத்திலிருந்து சம்பந்தி வீட்டார் சீர்த்தட்டோடு வந்தார்கள், மகளை அழைத்துப் போக. அன்று பேச்சு சூடானதும், தட்டை உள்ளே வைக்கிற சாக்கில் நீ சமையலறைக்குள் ஓடிவிட்டாய். வீரன். பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

உன் அத்தை முன்னறையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். உன் அப்பாவுக்கு மூத்தவர், அவர் சொன்னால் இந்த வீட்டில் சுவர்க்கடிகாரமும் கொஞ்சம் நின்று கேட்கும். "ஆடியில எவனாவது புதுப் பொண்டாட்டியக் கூட்டிக்கினு ஊர் சுத்துவானா? எங்க காலத்துல இப்படி உண்டா?" என்று ஆரம்பித்தார். கயலின் அம்மா பதறிப்போனார். "தெரியாம பண்ணிடுச்சுங்க. பணம் போனா போவட்டும், நீங்க சொல்றபடி செய்றோம்" என்று கும்பிடாத குறை. மகள் செய்த நல்ல காரியத்துக்கு அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணி, கட்டியிருக்கற பொடவ புதுசா?" என்று கேட்டேன்.

"ஆமா. நேரு வீதியில எடுத்தேன். பாதி விலை."

"ஆடித் தள்ளுபடியா?"

"பின்ன?"

"துணிக்கடக்காரன் ஆடியில பாதி விலைக்குக் குடுத்தா முட்டி மோதிக்கினு போய் வாங்கறோம். ஃப்ளைட்டுக்காரன் குடுத்தா மட்டும் இன்னா தப்பு?"

கயலின் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துண்டால் வாயை மூடிக்கொண்டார். அத்தை லேசுப்பட்டவரா? "பொடவையும் புருஷன் பொண்டாட்டியும் ஒண்ணாடி?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். தோற்றேன் என்று நினைத்தபோதுதான் உன் அப்பா நடுவில் வந்து மாட்டிக்கொண்டார்.

"பெரியவங்க சும்மாவா வெச்சாங்க? ஒரு மாசந்தானே. நாங்கள்லாம் பொறுத்துக்கல?" என்றார்.

"யாரு, நீங்களா?" என்றேன்.

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. எங்கள் தலை ஆடிக்கு நான் அரியாங்குப்பத்தில் என் அம்மா வீட்டில் இருந்தேன். போன இரண்டாம் நாளே உன் அப்பா சைக்கிளில் வந்து நின்றார். டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்க வந்தாராம். அடுத்த தடவை, ஃபேன் சத்தம் போடுவதாக யாரோ சொன்னார்களாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். எங்கள் வீட்டு ஃபேனுக்கு ஒரு கோளாறும் இல்லை. இவர் அதைக் கழற்றி, தரையில் பரப்பி, துடைத்து, மறுபடி மாட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் சைக்கிளில் எப்படிப் போவது என்று என் அப்பாவே தங்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஃபேன் உண்மையாகவே சத்தம் போட ஆரம்பித்தது.

அந்த ஆடியில்தான் வீராம்பட்டினம் தேருக்கு என் தங்கையோடு போனேன். கூட்டத்தில் யாரோ முந்தானையை இழுக்கிறார்களே என்று திரும்பினால் உன் அப்பா. தங்கைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நாங்கள் இருவரும் கடற்கரையில் படகுகளுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். எனக்கு வளையல் வாங்கி வைத்திருந்தார். என் கைக்கு ஒன்றுகூட ஏறவில்லை. வளையல் கடைக்காரிக்கு வாய்த்த புருஷன் இன்றுவரை எனக்குச் சரியான அளவில் வளையல் வாங்கியதில்லை. கடலைக் காட்டி, "அதோ, அந்தப் பக்கம் பூரா வெளிநாடு. அப்புறம் ஒரு நாள் கூட்டிக்கினு போறேன்" என்றார். பொரியும் மணலும் கலந்து தின்றுகொண்டு, சரி என்றேன். எங்கள் தேனிலவு அவ்வளவுதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மத்தியானத்தைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாள் அதிகம் இல்லை.

இதையெல்லாம் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் நின்று அப்படியே சொன்னேன். வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனாலும் சொன்னேன். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "டேய், அன்னிக்கு நீ வடம் புடிக்கப் போறேன்னுதானே எங்கிட்ட சொல்லிட்டுப் போன?"

உன் அப்பா எழுந்து போய், எரிந்துகொண்டிருந்த விளக்கின் சுவிட்சை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டுச் சோதித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கூச்சம்தான். அத்தை அமைதியாக விரலை மடக்க ஆரம்பித்தார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று அவர் உதடு அசைவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்திரையில் வந்து விரல் நின்றது. நீ பிறந்த மாதம் சித்திரை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். உன் பிறந்த நாளுக்கு ஆண்டு தவறாமல் பாயசம் குடித்தவர் உன் அத்தை. ஒருவரும் பின்னோக்கிப் போய்ப் பார்த்ததில்லை. தலைச்சன், சித்திரையில் பிறந்தவன், அவனால் இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? வீடு மாடி ஏறியது. கடை வந்தது. அவனுக்கு வந்ததெல்லாம் உடம்பு முழுக்க வேர்க்குரு மட்டுந்தான். சரியாக அந்த நேரம் பார்த்து நீ சமையலறையிலிருந்து எல்லோருக்கும் காப்பி எடுத்துக்கொண்டு வந்து நின்றாய், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்தோடு. உன்னைப் பார்த்ததும் அத்தை சிரித்த சிரிப்பில் அறையே குலுங்கிவிட்டது. ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நீயும் சிரித்தாய். கயலுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் வழி சொன்னவரும் உன் அத்தைதான், அதை நீ மறக்கக் கூடாது. "பொண்ணு இப்ப அம்மா வீட்டுக்குப் போவட்டும். அங்கிருந்தே கிளம்பட்டும், அங்கயே திரும்பி வரட்டும். ஆடி கழிஞ்சி இந்த வீட்டுப் படி ஏறினா போதும். நடுவுல வியட்நாம்ல இன்னா மாசமோ, அது நமக்கு இன்னாத்துக்கு?" என்றார். தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்த வாரமே பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டுக் கொடுத்தார். வெளியே சாப்பிடுகிற செலவு ஒரு வேளைக்காவது குறையுமாம். அவரை ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. நம் கட்சிக்கு வந்துவிட்டார், அது அதைவிடப் பெரிது.

நீங்கள் கிளம்பிய காலை தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நின்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முதுகுப் பையோடு இரண்டு பேர். சந்தைக்கு வந்தவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "ஆடியில ஜோடியா எங்க கிளம்பிட்டாங்க?" என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், நிலத்துக்குப் போக மண்வெட்டியோடு நின்ற உன் மாமனார், "வியட்நாமுக்கு. எம் பொண்ணு போட்ட பிளான்" என்றார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. ஆடி முதல் நாள் சீர்த்தட்டோடு வந்து மன்னிப்புக் கேட்ட குடும்பம் அது. உங்கள் பஸ் புறப்பட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, துக்கத்தில் இல்லை.

கடிதம் என்றால் நாலு புத்தி சொல்ல வேண்டுமே, சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதும் ஆளாளுக்கு உன்னைத்தான் பாராட்டுவார்கள், இவ்வளவு குறைச்சலில் எப்படிப் போய்வந்தாய் என்று. பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளாதே. கயல் போட்ட திட்டம் என்று உன் மாமனார் மாதிரி உரக்கச் சொல். சிக்கனமாக இரு, ஆனால் அவள் ஒரு இளநீர் கேட்கும்போது விலையைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதே. தெரு முழுக்கப் பரிசு வாங்கிவருகிறேன் என்று இரண்டு நாளைக் கடைகளில் தொலைத்திருந்தால் உன்னைத் திட்டுவேன். எனக்கு மட்டும் ஏதாவது வாங்கியிருந்தால் திட்ட மாட்டேன். வழி தவறினாலும் பஸ்ஸை விட்டாலும் யாரால் என்று ஆராய்ச்சி செய்யாதீர்கள். உன் அப்பாவும் நானும் அந்த ஆராய்ச்சியில் எத்தனையோ நல்ல சாயங்காலங்களை வீணாக்கியிருக்கிறோம். பிறகு, அந்தச் சொல். பிள்ளை வரும், வீட்டுக்கடன் வரும், எங்களுக்கும் முட்டி வலி வரும். எல்லாம் வரட்டும். அவற்றை எல்லாம் காரணமாக வைத்து அவளிடம் "அப்புறம்" என்று சொல்லாதே.

இதுவரை எழுதிவிட்டுக் காகிதத்தை மடிக்கப் போனேன். உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றார். "ஷட்டர எறக்கு. தேருக்குப் போலாம் வா" என்றார். வியாபாரம் கெடுமே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு ஷட்டரை இறக்கினேன்.

இப்போது திரும்பி வந்துதான் மீதியை எழுதுகிறேன். தேர் நிலைக்கு வருகிற வரை நின்று பார்த்தோம். பொரி வாங்கினோம். படகுகளுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். தூரத்தில் மழை கட்டியிருந்தது. உன் அப்பா போனை எடுத்து, உன் கன்னத்து ரொட்டித் துணுக்கை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "நமக்கும் பாஸ்போர்ட் குடுப்பாங்களா?" என்றார்.

"ஏன் குடுக்க மாட்டாங்க?"

"கயலக் கேளு. மாடி ரூமு போதும். நமக்கு மழ ஒண்ணும் பண்ணாது."

அவர் அந்தச் சொல்லைச் சொல்வார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை, மகனே. பொரி தீர்ந்து, இருட்டி, வீடு வந்து சேரும்வரை சொல்லவில்லை.

ஆகவே கயலிடம் சொல். அடுத்த வருஷத்துக்கு அவள் அத்தைக்கும் மாமாவுக்கும் இரண்டு டிக்கெட் போட வேண்டும். இந்தத் தடவை நாள்காட்டியை நன்றாகப் பார்த்து, ஆடியிலேயே போடட்டும்.

உன் அம்மா